வலி வந்து சேர்வதற்குள்

திருவனந்தபுரத்தில் ஸ்ரீகாரியம், கழக்கூட்டம், பேரூர்க்கடை என்று எந்தப் பக்கம் நடந்தாலும், காலை ஒன்பது மணிக்கு மேல் ஒரு சத்தம் கூடவே வரும். கிறீச்சென்று எழும்பி, எதையோ கடித்ததும் தொண்டை கட்டியதுபோலத் தாழ்ந்து, மறுபடி எழும்பும். புதுவீடு ஒன்றில் டைல்ஸ் அறுக்கிறார்கள். இல்லையென்றால் கம்பி, அதுவும் இல்லையென்றால் சென்ட்ரிங் பலகை.

உள்ளே எட்டிப் பார்த்தால் காட்சி பெரும்பாலும் ஒன்றுதான். தொழிலாளி குந்தி உட்கார்ந்திருப்பார். கைலியை மடித்துக் கட்டியிருப்பார், தலையில் தோர்த்து என்னும் துண்டு. இடது காலால் டைல்ஸை மிதித்துக்கொண்டு, வலது கையில் மெஷினைப் பிடித்திருப்பார். பிளேடைச் சுற்றி இருக்க வேண்டிய இரும்புக் கவசம், அதாவது 'கார்டு', கழற்றப்பட்டு சிமென்ட் மூட்டைகளுக்கு நடுவே எங்கோ கிடக்கும். சுழலும் பிளேடுக்கும் அவருடைய கால் பெருவிரலுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிகூட இருக்காது.

இந்த நகரத்தின் சுவர்களில் தமிழ்க் கைகளின் வேலை நிறைய இருக்கிறது. மார்த்தாண்டத்திலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் களியக்காவிளை வழியாகக் கொத்தனார்களும் ஆசாரிகளும் கையாட்களும் தலைமுறைகளாக இங்கே வேலைக்கு வந்திருக்கிறார்கள். இப்போது அதே வேலையில் வங்காளம், அசாம், ஒடிசா, பீகார் மாநிலத்தவரும் பெருமளவில் இருக்கிறார்கள். திருவனந்தபுரத்தில் உள்ள குலாட்டி நிதி, வரிவிதிப்பு நிறுவனம் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, கேரளத்தில் வேலைசெய்யும் பிற மாநிலத் தொழிலாளர்கள் 25 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. கேரள அரசு அவர்களை 'அதிதி தொழிலாளிகள்' என்கிறது. விருந்தினர் என்று பொருள்.

வேலைத்தளத்தில் ஒருவருக்கு விரல் போய்விட்டால், காரணம் கேட்கும்போது எல்லா மொழியிலும் ஒரே பதில்தான் வரும்: கவனக்குறைவு. மேஸ்திரி அதைத்தான் சொல்வார், வீட்டுக்காரரும் அதைத்தான் சொல்வார். விரலை இழந்தவரே தலையைக் குனிந்துகொண்டு அதைத்தான் சொல்வார். அந்தப் பதில் சரிதானா என்று இயற்பியலையும் உடலியலையும் கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மெஷினின் கணக்கு

நம் ஊரில் 'கட்டிங் மெஷின்', 'கிரைண்டர்' என்று அழைக்கப்படும் கருவி 1954-இல் ஜெர்மனியில் ஃபிளெக்ஸ் நிறுவனத்தின் பட்டறையில் உருவானது. இன்று ஆசாரி, வெல்டர், டைல்ஸ்காரர், பிளம்பர் என்று எல்லார் பையிலும் அது இருக்கிறது. எடை இரண்டு கிலோவுக்குள். விலை ஒரு தொழிலாளியின் சில நாள் கூலி. கொஞ்சம் பழகினால் யாரும் ஓட்டலாம். கையடக்கமாக இருப்பதால் அதன் ஆற்றல் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பரவலாகப் பயன்படும் 4 இஞ்ச் கிரைண்டர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 11,000 முறை சுற்றும். நொடிக்கு 183 சுற்று. 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள வீலின் சுற்றளவு 31 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகம். இரண்டையும் பெருக்கினால், வீலின் விளிம்பு நொடிக்கு 57 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் அதிகம். களியக்காவிளையிலிருந்து தம்பானூருக்கு வரும் எந்தப் பேருந்தும் அந்த வேகத்தை நினைத்துப் பார்க்க முடியாது. அந்த வேகத்தில் ஓடும் ஒரு விளிம்பு, குந்தியிருப்பவரின் முழங்காலுக்குப் பக்கத்தில் மூடியில்லாமல் சுழல்கிறது.

சுவிட்சை அணைத்தாலும் அது உடனே நிற்காது. சுழன்றுகொண்டிருக்கும் நிறை தன் வேகத்தை மெல்லத்தான் இழக்கும். பல நொடிகள் ஓடிய பிறகே அடங்கும். பாதி அடங்கிய மெஷினைத் தரையில் வைத்தால், வீல் தரையைப் பற்றி மெஷினையே இழுத்துக்கொண்டு நகரும். பல மெஷின்களில் சுவிட்சை முன்னால் தள்ளிவிட்டால் அது அங்கேயே மாட்டிக்கொள்ளும். கை நழுவி மெஷின் கீழே விழுந்தாலும் வீல் சுழன்றுகொண்டேயிருக்கும்.

நரம்பின் கணக்கு

இனி உடலுக்கு வருவோம். சூடான சட்டியில் விரல் பட்டால் நாம் யோசித்துக் கையை எடுப்பதில்லை. தோலில் உள்ள வலி உணர்விகள் செய்தியைத் தண்டுவடத்துக்கு அனுப்புகின்றன. மூளைக்குத் தகவல் போய்ச் சேருமுன்பே தண்டுவடம் தசைக்கு ஆணையிட்டுக் கையை இழுத்துவிடுகிறது. இதை அனிச்சைச் செயல் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். பரிணாமம் நமக்குத் தந்த மிக வேகமான பாதுகாப்புகளில் இது ஒன்று.

ஆனால் அதற்கும் நேரம் பிடிக்கும். கூர்மையான வலியைச் சுமக்கும் நரம்பிழைகளில் செய்தி நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் செல்கிறது. விரல்நுனியிலிருந்து கழுத்துப்பகுதித் தண்டுவடம்வரை ஏறக்குறைய ஒரு மீட்டர். செய்தி போய், ஆணை திரும்பி வந்து, தசை சுருங்கி, கை நகரத் தொடங்குவதற்குள் குறைந்தது பத்தில் ஒரு நொடி ஆகிவிடும். கண்ணால் பார்த்து மூளையால் முடிவெடுக்கும் செயல் என்றால் இதைப் போல் இரண்டு மடங்கு.

அந்தப் பத்தில் ஒரு நொடியில் கிரைண்டர் 18 முறை சுற்றிவிடுகிறது. அதில் 40 பல் உள்ள மரம் அறுக்கும் பிளேடு மாட்டியிருந்தால், 700-க்கும் மேற்பட்ட பற்கள் அந்த விரலைக் கடந்து போயிருக்கும். விரலை இழந்தவர்களில் பலர் "முதலில் வலியே தெரியவில்லை, ஏதோ தட்டியதுபோல இருந்தது" என்று சொல்வது இதனால்தான். அவர்களுடைய நரம்புகள் சரியாகத்தான் வேலைசெய்தன. அறுக்கும் கருவி அவற்றைவிட வேகமாக வேலையை முடித்துவிட்டது.

உளி கைதவறினால் வெட்டுக்காயம் ஆகும். கைவாள் நழுவினால் தோல் கிழியும், கை உடனே விலகிவிடும். கைக்கருவிகளின் வேகம் நம் தசையின் வேகம் என்பதால் வலி நம்மைக் காப்பாற்ற முடிந்தது. மோட்டார் அந்தப் பழைய ஒப்பந்தத்தை முறித்துவிட்டது. கவனமாக இருப்பது அவசியம்தான். ஆனால் மெஷின் முரண்டு பிடிக்கும் அந்தக் கணத்தில் கவனத்துக்குச் செயல்பட நேரமே கிடைப்பதில்லை.

பிளேடு மாறினால்

முரண்டு பிடிப்பது என்றால் என்ன? கிரைண்டரை வடிவமைத்தவர்கள் அதைச் சாணைக்கல் போன்ற வீல்களுக்காக வடிவமைத்தார்கள். அந்த வீலில் பல் கிடையாது. கடினமான துகள்களைப் பிசின் கொண்டு ஒட்டிச் செய்தது. ஒவ்வொரு துகளும் உலோகத்தையோ கல்லையோ மிகச் சிறிதாகச் சுரண்டி எடுக்கும். ஆகவே கைக்குத் திரும்பி வரும் விசை சீராக இருக்கும்.

அதே மெஷினில் பல்வைத்த மர பிளேடை மாட்டும்போது நிலைமை தலைகீழாகிறது. ஒவ்வொரு பல்லும் மரத்தை ஒரு கவளம் கடித்து எடுக்கிறது. நடுவே ஒரு கணு வந்தாலோ, ஆணி ஒளிந்திருந்தாலோ, ஈரப் பலகை அறுபட அறுபட இறுகிப் பிளேடைக் கவ்விக்கொண்டாலோ, பல் அங்கேயே சிக்கிக்கொள்ளும். மோட்டாரின் சுழற்சிக்கு வேறு வழி இல்லை. பிளேடு நின்றுவிட்டால் மெஷின் திரும்பும். நியூட்டனின் மூன்றாம் விதி இங்கே கையில் அடியாக வந்து விழுகிறது. மெஷின் பிடித்தவரை நோக்கித் துள்ளி, தொடையிலோ இடது கையிலோ கழுத்திலோ போய் விழும். அதுவரை ஆகும் நேரமும் பத்தில் ஒரு நொடி அளவுதான்.

மரம் அறுப்பதற்கென்றே செய்த வட்ட ரம்பத்தில் இந்த ஆபத்துக்கு மாற்று வைத்திருக்கிறார்கள். பிளேடின் கீழ்ப்பாதியை ஸ்பிரிங் வைத்த மூடி மறைத்திருக்கும். அறுக்கும்போது மட்டும் விலகி, மரத்தை விட்டு வெளியே வந்ததும் தானாக மூடிக்கொள்ளும். மேசையில் பொருத்திய ரம்பத்தில் பிளேடுக்குப் பின்னால் மெல்லிய எஃகுத் தகடு ஒன்று நிற்கும். அறுபட்ட வெடிப்பு மறுபடி மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வாதபடி அது பார்த்துக்கொள்ளும். சுற்றும் வேகமும் கிரைண்டரின் வேகத்தில் ஏறக்குறைய பாதிதான். கிரைண்டரில் மர பிளேடை மாட்டினால் இத்தனை பாதுகாப்பும் ஒரே நேரத்தில் போய்விடுகிறது.

இன்னொரு தவறும் பரவலாக நடக்கிறது. சின்ன மெஷினில் பெரிய வீல் மாட்டுவது. ஆழமாக அறுக்க வேண்டும் என்பதற்காகக் கார்டைக் கழற்றிவிட்டு 4 இஞ்ச் மெஷினில் 7 இஞ்ச் வீலைப் பொருத்துவார்கள். வழக்கமான வீல்கள் விளிம்பில் நொடிக்கு 80 மீட்டர்வரை தாங்கும்படி செய்யப்படுகின்றன. 7 இஞ்ச் வீலை 11,000 சுற்றில் ஓட்டினால் விளிம்பு வேகம் நொடிக்கு 100 மீட்டரைத் தாண்டும். வீலைப் பிய்த்தெறியப் பார்க்கும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். வேகம் 1.3 மடங்கானால் விசை ஏறக்குறைய 1.7 மடங்கு. ஏற்கெனவே மழையில் நனைந்திருந்த வீல், கீழே விழுந்து கண்ணுக்குத் தெரியாத விரிசல் கண்ட வீல் என்றால் அது உடைந்து நாலாபக்கமும் பாயும். கார்டு இருந்தால் அந்தச் சில்லுகளைப் பிடித்துவிடும். கார்டைக் கழற்றினால்தான் பெரிய வீலை மாட்ட முடியும் என்பது தற்செயல் இல்லை. மாட்டக்கூடாது என்பதற்கான தடையும் அந்தக் கார்டுதான்.

கார்டை ஏன் கழற்றுகிறார்கள்?

கழற்றும் தொழிலாளிக்குக் காரணங்கள் உண்டு. கார்டு இருந்தால் மூலையில் வீல் போகாது. அறுக்கும் கோடு கண்ணுக்குத் தெரியாது. ஆழம் போதாது. டைல்ஸ் வேலைக்குப் பல இடங்களில் கூலி சதுர அடிக் கணக்கு. அன்றைக்கு எவ்வளவு ஒட்டினாரோ அவ்வளவுதான் காசு. கார்டை மாட்டிக் கழற்றும் ஐந்து நிமிடம் அவருடைய சொந்தக் காசு. பலகையை மேசையில் வைத்துக் கிளாம்பால் இறுக்கும் நேரமும் அப்படித்தான். மேசையே இல்லாத தளம் என்றால் கால்தான் கிளாம்ப். மெஷினோடு வந்த பக்கவாட்டுக் கைப்பிடி மாட்டப்படாததால், இரண்டு கையும் மெஷினில் இருக்க வேண்டிய நேரத்தில் ஒரு கை பிளேடின் பாதையில் இருக்கிறது.

மெஷினோடு வரும் கையேட்டைப் படிக்க வாய்ப்பில்லாதவர்கள் ஏராளம். மேஸ்திரி மலையாளத்தில் சொல்வது முர்ஷிதாபாத்திலிருந்து நேற்று வந்த இளைஞருக்குப் பாதி புரியும். பழைய ஆசாரியிடம் பல ஆண்டுகள் கூடவே இருந்து கருவி பிடிக்கக் கற்ற காலம் போய்விட்டது. இப்போது முதல் நாளே கையில் மெஷின் கொடுக்கப்படுகிறது. நேற்றுவரை கலவை சுமந்த கையாள், ஆசாரி டீ குடிக்கப் போன நேரத்தில் மெஷினை எடுத்துப் பலகை அறுக்கிறார்.

இத்தனையும் சேர்ந்துதான் அந்தப் பத்தில் ஒரு நொடியை உருவாக்குகின்றன. "கவனக்குறைவு" என்ற பதில் இவற்றில் எதையும் தொடுவதில்லை.

கொல்லிமலையில் பிறந்த மருத்துவர்

காயங்களை எப்படி விசாரிக்க வேண்டும் என்பதற்குத் தமிழ் மண்ணிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில், அங்கே பணியாற்றிய மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். மருத்துவம் படிப்பதற்கு முன்னால் இங்கிலாந்தில் கட்டுமானத் தொழில் கற்றவர், தச்சு வேலை தெரிந்தவர். 1940-களில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்குத் தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தும் அறுவைசிகிச்சையில் முன்னோடியானார்.

தொழுநோய் விரல்களை அரித்துத் தின்றுவிடுகிறது என்றுதான் அதுவரை நம்பினார்கள். பிராண்ட் அந்த நம்பிக்கையை மறுத்தார். நோய் நரம்பைக் கெடுத்து வலியை இல்லாமலாக்குகிறது, வலி இல்லாத கை சூட்டிலும் வெட்டிலும் தெரியாமலே சேதப்படுகிறது என்று காட்டினார். அதோடு நிற்கவில்லை. மறுவாழ்வு மையத்தில் தச்சு போன்ற தொழில்களைக் கற்ற இளைஞர்களின் கைகளில் தோன்றும் ஒவ்வொரு காயத்துக்கும் காரணத்தைத் தேடினார். கருவியின் பிடி சொரசொரப்பாக இருந்ததா? சூடான பாத்திரத்தைத் தொட்டாரா? இரவில் தூங்கும்போது சில விரல்கள் காணாமல் போவதற்கு எலிகள் கடிப்பதுதான் காரணம் என்று தெரிந்ததும், பூனை வளர்க்கச் செய்தார்.

அந்த அணுகுமுறையில் யாரையும் குற்றம் சாட்டும் பேச்சு இல்லை. காயம் என்றால் ஒரு காரணம் உண்டு, காரணத்தைக் கண்டுபிடித்து மாற்று, கை தானாகப் பிழைத்துக்கொள்ளும் என்பதே அதன் சாரம். மின் ரம்பத்தின் முன்னால் நம் எல்லோர் கையும் வேலூரில் அவர் பார்த்த கைகளைப் போன்றதுதான். வலி வந்து காப்பாற்றாது. ஆகவே வலி செய்ய வேண்டிய வேலையைக் கருவியும் வேலை ஏற்பாடும் செய்ய வேண்டும்.

ஐந்து மில்லி நொடி

கருவியையே வலியறியச் செய்ய முடியுமா? முடியும் என்று காட்டியவர் அமெரிக்கர் ஸ்டீபன் காஸ். இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்ற காப்புரிமை வழக்கறிஞர், ஓய்வு நேரத்தில் தச்சு வேலை செய்பவர். அமெரிக்காவில் மேசை ரம்பங்களால் காயமடைவோர் ஆண்டுக்கு ஏறக்குறைய 30,000 பேர் என்று அந்நாட்டு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் மதிப்பிடுகிறது. 1999-இல் காஸ் யோசித்த வழி எளிமையானது. பிளேடில் ஒரு சிறிய மின் சமிக்ஞையை ஓடவிடுவது. மனித உடல் மின்னூட்டத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் தன்மை உடையது. விரல் பட்டதும் சமிக்ஞை சட்டென்று தாழும். அதை உணர்ந்த மின்சுற்று, ஸ்பிரிங்கைக் கட்டி வைத்திருக்கும் மெல்லிய கம்பியை எரித்துவிடும். விடுபட்ட ஸ்பிரிங் ஓர் அலுமினியக் கட்டையைப் பிளேடின் பற்களுக்குள் தள்ளும். ஐந்து மில்லி நொடிக்குள் பிளேடு நின்று, மேசைக்குக் கீழே போய்விடும். விரலுக்குப் பதில் சாசேஜ் இறைச்சியை வைத்துச் சோதித்துக்காட்டிய அவர், ஒருமுறை தன் சொந்த விரலையே வைத்தார். தோலில் கீறல் மட்டும் விழுந்தது. பெரிய நிறுவனங்கள் இந்த முறையை ஏற்காததால் 2004-இல் 'சாஸ்டாப்' என்ற பெயரில் அவரே ரம்பத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

பத்தில் ஒரு நொடிக்கு எதிராக இருநூறில் ஒரு நொடி. இயந்திரம் நரம்பைவிட இருபது மடங்கு வேகமாகப் பின்வாங்குகிறது. ஆனால் கேரளத்தின் வீட்டு வேலைத்தளத்துக்கு இது அப்படியே பொருந்தாது. ஈரம் சொட்டும் மரமும் மின்சாரத்தைக் கடத்தும், அதனால் மெஷின் ஏமாந்து நின்றுவிடும். தண்ணீர் ஊற்றிக் கல் அறுக்கும் கையடக்க மெஷினில் இந்த அமைப்பை வைக்க இயலாது. விலையும் அதிகம்.

நமக்குத் தேவையானவை இதைவிட எளியவை. முதல் கேள்வி, சுழலும் பிளேடே இல்லாமல் இந்த வேலையை முடிக்க முடியுமா என்பது. டைல்ஸில் நேர்கோட்டு வெட்டுக்குக் கையால் தள்ளும் கட்டர் போதும். சின்னச் சக்கரம் மேற்பரப்பில் ஒரு கீறல் போடும், பிறகு அழுத்தினால் அந்தக் கீறலில் டைல்ஸ் முறியும். தூசியும் இல்லை, சத்தமும் இல்லை. அடுத்தது, வேலைக்கு ஏற்ற மெஷின். மரத்துக்கு மூடியுள்ள வட்ட ரம்பம், கல்லுக்கு மார்பிள் கட்டர், கம்பிக்குக் கிரைண்டர். மூன்றாவது, கையை எடுத்ததும் அணைந்துவிடும் சுவிட்ச், கழற்றாத கார்டு, மாட்டிய கைப்பிடி. நான்காவது, இடுப்பு உயரத்தில் ஒரு மேசையும் இரண்டு கிளாம்பும். பலகை தானாக நிற்குமானால் இரண்டு கையும் மெஷினில் இருக்கும். மெஷினைப் பிடித்திருக்கும் கை வெட்டுப்படுவது அரிது.

கண்ணாடியும் காது அடைப்பானும் இவற்றுக்குப் பிறகு வருபவை, ஆனாலும் தவிர்க்கக் கூடாதவை. கையுறை விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. தொளதொளத்த துணிக் கையுறையைப் பல்வைத்த பிளேடு பற்றிக்கொண்டால் விரலையும் சேர்த்து உள்ளே இழுத்துவிடும். அவிழ்ந்து தொங்கும் கைலி நுனிக்கும் கழுத்தில் தொங்கும் தோர்த்துக்கும் அதே ஆபத்து உண்டு.

தண்ணீரும் தூசியும்

இடவப்பாதியும் துலாவர்ஷமும் என்று ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம் காணும் ஊர் திருவனந்தபுரம். நனைந்த தரை, ஒட்டுப்போட்ட வயர், தண்ணீர் ஊற்றி அறுக்கும் மெஷின் மூன்றும் ஒரே இடத்தில் சேர்கின்றன. கிரைண்டர் எடுக்கும் மின்னோட்டம் மூன்று, நான்கு ஆம்பியர். மனித இதயத்தைத் தடுமாறவைக்க அதில் நூறில் ஒரு பங்கு போதும். அவ்வளவு சிறிய கசிவு சாதாரண ஃபியூசுக்குத் தெரியாது. போகும் மின்னோட்டமும் திரும்பி வரும் மின்னோட்டமும் சமமா என்று ஓயாமல் ஒப்பிட்டு, 30 மில்லி ஆம்பியர் வித்தியாசத்திலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற சின்னப் பெட்டிக்குத்தான் தெரியும். தற்காலிக இணைப்புப் பலகையில் அது இருக்கிறதா என்று பார்ப்பது வீட்டுக்காரராலும் முடியும்.

தண்ணீர் ஊற்றாமல் அறுத்தால் வேறு ஆபத்து. கிரானைட்டில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா. உலர்ந்த பிளேடு அதைத் தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கும் சிறிய துகளாக்கிப் பறக்கவிடுகிறது. மூக்கின் முடியும் சளியும் அந்த அளவுத் துகளைத் தடுக்க முடியாது. நுரையீரலின் கடைசிக் காற்றறைவரை சென்று அங்கே தழும்பை உண்டாக்கும். சிலிக்கோசிஸ் என்ற இந்த நோய்க்கு மருந்தில்லை. முகத்தில் சுற்றிய துண்டு அதைத் தடுக்காது. சிலிக்கா மிகுந்த செயற்கைக் கற்களை ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் தடை செய்ததற்கு இந்த நோய்தான் காரணம். கிரைண்டரின் சத்தம் 100 டெசிபெல்லை எட்டும். அந்த அளவுச் சத்தத்தை அடைப்பான் இல்லாமல் நாளுக்கு 15 நிமிடத்துக்கு மேல் கேட்டால் செவித்திறன் கெடும் என்பது அமெரிக்கத் தொழில்சார் சுகாதார ஆய்வு நிறுவனத்தின் வரையறை. டைல்ஸ்காரர் அதை நாள் முழுக்கக் கேட்கிறார். விரல் போனால் ஊர் பார்க்கும். மூச்சும் காதும் போவது வெளியே தெரியாமல் நடக்கிறது.

விரல் துண்டானால்

எவ்வளவு தடுத்தும் நடந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்பது எல்லா வேலைத்தளத்திலும் எல்லா மொழியிலும் தெரிந்திருக்க வேண்டும். முதலில் மெஷினின் பிளக்கைப் பிடுங்குங்கள். காயத்தின்மேல் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்துங்கள். காப்பித்தூள், மஞ்சள், சிமென்ட் எதுவும் போடக்கூடாது. துண்டான விரலைத் தேடி எடுங்கள். சலைன் அல்லது சுத்தமான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸும் தண்ணீரும் உள்ள இன்னொரு பாத்திரத்தில் வையுங்கள். விரலை நேரடியாக ஐஸில் போட்டால் திசு உறைந்து செத்துவிடும், பிறகு ஒட்டவே முடியாது. 108-ஐ அழைக்கும்போதே விரல் துண்டாகியிருப்பதைச் சொல்லுங்கள். எந்த மருத்துவமனையில் நுண் அறுவைசிகிச்சை வசதி உண்டு என்பதை வேலை தொடங்கும் நாளிலேயே விசாரித்து வைத்திருப்பது இன்னும் நல்லது.

விரலில் தசை இல்லை, தசைநாண்கள் மட்டுமே உள்ளன. ஆகவே குளிர்ச்சி இல்லாமலேயே ஏறக்குறைய 12 மணி நேரம் தாங்கும், குளிரில் அதைவிட அதிகம் தாங்கும். மணிக்கட்டுக்கு மேலே, தசையோடு துண்டான கைக்கு ஆறு மணி நேரத்துக்குள் இரத்த ஓட்டம் கிடைக்க வேண்டும்.

முழுவதும் துண்டான பெருவிரல் ஒன்றை ஜப்பானின் நாராவில் 1965-இல் கொமாட்சு, தமாய் என்ற மருத்துவர்கள் வெற்றிகரமாக ஒட்டினார்கள். விரலின் இரத்தக்குழாய் ஒரு மில்லிமீட்டர் தடிமன்தான். அதைத் தைக்கும் நூல் தலைமுடியில் மூன்றில் ஒரு பங்கு தடிமன். நுண்ணோக்கியின் கீழே எலும்பைக் கம்பியால் இணைத்து, தசைநாண், தமனி, நரம்பு, சிரை என்று ஒவ்வொன்றாகத் தைக்க ஒரு விரலுக்கே பல மணி நேரம் ஆகும். நரம்பு நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். விரலடியில் துண்டான விரலின் நுனிக்கு உணர்வு திரும்ப மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மருத்துவர் எஸ். ராஜா சபாபதியின் தலைமையில் வளர்ந்த கோவை கங்கா மருத்துவமனையின் கை அறுவைசிகிச்சைத் துறையில் பயிற்சி பெற உலகின் பல நாடுகளிலிருந்தும் மருத்துவர்கள் வருகிறார்கள். கொச்சி அமிர்தா மருத்துவமனையில் 2015 ஜனவரியில் இந்தியாவின் முதல் கைமாற்று அறுவைசிகிச்சை நடந்தது.

இத்தனை திறமைக்கும் முன்னால் ரம்பக்காயம் ஒரு கஷ்டமான காயம். கத்தி வெட்டினால் இரண்டு முனையும் நேராக இருக்கும். ரம்பம் தன் அகலத்துக்கு எலும்பையும் நரம்பையும் தூளாக்கிவிடுகிறது, இரத்தக்குழாயை இழுத்துக் கிழித்துவிடுகிறது. தைக்க வேண்டிய நுனிகளையே சிலசமயம் காண முடியாது. விரல் ஒட்டினாலும் பழையபடி மடங்காமல் போகலாம்.

விரலுக்கு என்ன மதிப்பு?

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் ஓர் அட்டவணை இருந்தது. சம்பாதிக்கும் திறனில் பெருவிரலை இழந்தால் 30 விழுக்காடு போய்விட்டதாகக் கணக்கு. ஆள்காட்டி விரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, மோதிர விரலுக்கோ சுண்டுவிரலுக்கோ 7. கையின் செயல்பாட்டில் பெருவிரலின் பங்கு 40 விழுக்காடு என்று கை அறுவைசிகிச்சை மருத்துவர்கள் சொல்வார்கள். ஆனால் ஒரு ஆசாரி ஆணியைப் பிடிப்பதும் உளியைத் திருப்புவதும் மரத்தின் வழவழப்பைத் தடவிப் பார்ப்பதும் ஆள்காட்டி விரலால். அந்த விரல் போனபின் அவருக்கு 86 விழுக்காடு வேலை யார் கொடுப்பார்கள்?

கட்டுமானத் தொழிலாளர்களுக்கான மத்தியச் சட்டம் 1996-இல் வந்தது. கட்டடச் செலவில் ஒரு விழுக்காட்டை வரியாக வாங்கி நலவாரியத்தில் சேர்க்க வழிசெய்தது. கேரளம் அதற்கும் முன்பே தனக்கெனச் சட்டம் வைத்திருந்தது. 2010-இல் பிற மாநிலத் தொழிலாளர்களுக்கென்றே ஒரு நலத்திட்டத்தையும், 2017-இல் 'ஆவாஸ்' காப்பீட்டையும் கொண்டுவந்தது. பாராட்ட வேண்டிய முயற்சிகள் இவை. ஆனால் பத்துப் பேருக்குக் குறைவாக வேலைசெய்யும் இடத்தையும், சொந்தக் குடியிருப்புக்காக 10 லட்சம் ரூபாய்க்குள் கட்டும் வீட்டையும் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் தன் வரம்புக்கு வெளியே விட்டுவிட்டது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த வரம்பை 50 லட்சமாக உயர்த்தியிருக்கிறது. விழிஞ்ஞம் துறைமுகம் போன்ற பெரிய தளங்களில் பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருப்பார். நம் தெருவில் நான்கு பேர் கட்டும் வீட்டில் அப்படி யாரும் இல்லை. சட்டத்தின் கண் படாத அந்த இடத்தில், பாதுகாப்பைப் பற்றிக் கேட்கக்கூடிய ஒரே ஆள் வீடு கட்டுபவர்தான்.

சிமென்ட் எந்த பிராண்ட், கம்பி எத்தனை மில்லிமீட்டர், டைல்ஸ் எந்த ஊர் என்று தெரிந்துகொள்கிறோம். அதே மூச்சில் இன்னும் நான்கு கேள்வி கேட்கலாம். மெஷினில் கார்டு இருக்கிறதா? மரத்துக்குத் தனி ரம்பம் இருக்கிறதா? அறுப்பதற்கு ஒரு மேசை போட்டாயிற்றா? கரண்ட் இணைப்பில் ஆர்.சி.சி.பி. வைத்தாயிற்றா? மேசைக்கும் கைக் கட்டருக்கும் ஆகும் செலவை ஒப்பந்தத்திலேயே தனி வரியாக எழுதிவிடலாம். அப்போது கார்டை மாட்டும் ஐந்து நிமிடம் தொழிலாளியின் சொந்தக் காசாக இருக்காது.

திருவனந்தபுரத்தில் புதுவீட்டில் குடியேறும் நாளில் பால் காய்ச்சுவார்கள். நம் பக்கத்தில் கிரகப்பிரவேசம். அன்றைக்கு வீட்டைக் கட்டிய ஆசாரியையும் கொத்தனாரையும் அழைத்து, வேட்டி கொடுத்து மரியாதை செய்யும் வழக்கம் இரண்டு பக்கத்திலும் உண்டு. அவர்கள் இரண்டு கையையும் நீட்டித்தான் அதை வாங்கிக்கொள்வார்கள். வேலை தொடங்கிய நாளில் நீட்டிய அதே கைகளாக, எல்லா விரல்களோடும் அவை அன்றும் இருக்க வேண்டும்.